முட்டுச்சந்தின் கடைசிக் குழாய்

மார்ச் மாதத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் ஆல்டர் லேக் ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கும். மார்லிஸ் மட்டும் சிரிக்க மாட்டாள். மேலே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும்போதுதான், குளிர்காலம் முழுக்க மண்ணின் மேல்பக்கம் கிடந்த குளிர் மெதுவாக இறங்கிக் குழாய் கிடக்கிற ஆழத்தைத் தொடும். இதை அவளும் வருஷா வருஷம் சொல்கிறாள். ஊரும் வருஷா வருஷம் தலையாட்டிவிட்டுப் போய், ஓடவிடச் சொன்ன குழாயை மூடுகிறது.

ஊரின் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அவள்தான் பொறுப்பு. ஆபீஸ் கதவில் மேலாளர் என்று பலகை தொங்குகிறது. ஆளுவதற்கு இருப்பது ரூடி ஒருவன்தான். அவனுக்கும் தோளில் ஆபரேஷன் ஆனபிறகு மண்வெட்டி பிடிக்க ஆகாது. காலையில் பம்ப் வீட்டில் தண்ணீருக்கு மருந்து சரியாகச் சேருகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் சாக்கடை பம்பைத் தூக்கி, அதன் வாயில் சுற்றிக்கொண்டிருக்கும் ஈரத்துணிகளைப் பிய்த்தெடுப்பாள். குழந்தைக்குத் துடைத்த துணியைக் கக்கூசில் போடாதே என்று சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வலித்தது. சர்ச்சில் காபிக் கோப்பையோடு நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து, தன் வீட்டுக் கக்கூஸ் எப்படிக் களகளக்கிறது என்று நடித்துக் காட்டுவார்கள். தண்ணீர் வருகிற நாளில் அவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அரசாங்கப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினவள் ஊரில் அவள் ஒருத்தி. ரூடியும் எழுதிப் பார்த்தான். "எனக்குச் சாக்கடை புரியுது, கேள்வித்தாள்தான் புரியல" என்று விட்டுவிட்டான். அதனால் மார்லிஸுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. மகள் காரினுக்கு முதல் குழந்தை பிறந்தபோது சாக்கடை பம்ப் அடைத்துக்கொண்டது. மார்லிஸ் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டாள் காரின். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது இரண்டாவது. "இந்தத் தடவை நான் உன் கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்று மார்லிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். துணிப்பை ஒரு வாரமாக அவளுடைய வண்டியிலேயே கிடந்தது.

அவளுக்குப் பயமெல்லாம் டமராக் தெருவைப் பற்றித்தான். அது ஒரு முட்டுச்சந்து. அடியில் பாறை இருப்பதால் அந்தக் காலத்தில் மெயின் குழாயை மேலாகப் பதித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சமையலறைக் குழாயைப் பென்சில் கனத்துக்கு இரவும் பகலும் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்குக் காசில்லை. ஓடுகிற தண்ணீர் உறையாது, அவ்வளவுதான் விஷயம். முக்கியமானது கடைசி வீடு. அங்கே ஓடினால் தெரு முழுக்கத் தண்ணீர் நகரும். அங்கே நின்றால் முனையில் உறைய ஆரம்பித்து வீடு வீடாகப் பின்னோக்கி வரும்.

கடைசி வீட்டுக்காரி இர்யா. மார்லிஸின் கணவன் வைனோவுக்கு அக்கா, அதாவது மார்லிஸின் நாத்தனார். ஊரில் அத்தனை பேர் இருக்க, கடவுள் அந்தக் குழாயை நாத்தனார் கையில் கொடுத்தார்.

வெயில் வந்த அன்று மார்லிஸ் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, குழாய் ஓடுதா?"

"ஓடாம எங்க போகும்? வெயிலப் பாரு, கல்லு மேல முட்டையப் போட்டாலும் குஞ்சு பொரிக்கும். இன்னும் எதுக்குடி இது?"

"மேலதான் வெயில். கீழ இன்னும் ஐஸ் இறங்குது. நான் சொல்ற வரைக்கும் மூடக் கூடாது."

"ராத்திரி பூரா அந்தச் சத்தம். யாரோ என் வீட்டச் சுரண்டித் தின்கிற மாதிரி இருக்கு."

இர்யா குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டியிருந்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் நூல்வழியே இறங்கியது. நூல் கனம்தான் இருந்தது. மார்லிஸ் திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். தன் பல்லைப் பிடுங்கின மாதிரி இர்யா முகத்தைச் சுளித்தாள். ஏரியில் ஐஸை உடைத்து வாளியில் தண்ணீர் சுமந்து வளர்ந்த உடம்பு அது. காபி வடிகட்டின காகிதத்தைக் காயவைத்து மறுபடி வடிகட்டுகிறவள்.

குழாய்க்கு அடியில் ஒரு பெரிய அண்டா இருந்தது.

"இது எதுக்கு?"

"பாத்திரம் கழுவ. வந்தவ ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ."

ஏலக்காய் ரொட்டி மணத்தது. முழங்கால் வலித்தது. மார்லிஸ் உட்கார்ந்தாள். அண்டாவைப் பற்றி மேலே கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் காரின் கூப்பிட்டாள். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். மார்லிஸ் வண்டிச் சாவியைத் திருப்பினாள். ரூடி கூப்பிட்டான்.

"முதலாளியம்மா, டமராக் தெருவுல தண்ணி வரல. கடைசி வீட்டுலேர்ந்து நடுத்தெரு வரைக்கும்."

"இன்னிக்கு வேணாம்னு சொல்லு ரூடி."

"சொல்லிப் பாத்துட்டேன். குழாய் கேக்க மாட்டேங்குது."

வைனோவைக் காரில் முன்னால் அனுப்பிவிட்டு அவள் டமராக் தெருவுக்கு வண்டியைத் திருப்பினாள். பக்கத்து வீட்டு கோர்டி காலிக் கெட்டிலோடு வாசலில் நின்றான். இர்யா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நான் தொடவே இல்ல" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே.

மார்லிஸ் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்டா நிரம்பி இருந்தது. சூப் பாத்திரம், வாளிகள், ஊறுகாய் ஜாடிகள், குளியல் தொட்டி, நீராவி அறையின் மரத்தொட்டி, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணம், எல்லாம் விளிம்பு வரை தண்ணீர். ஜன்னலோரம் காபிக் கோப்பைகள்கூட வரிசையாக நிரம்பி நின்றன. குழாய் மட்டும் காய்ந்திருந்தது.

"அக்கா."

"நிரம்பிடுச்சுடி. இனி எதுல பிடிக்கிறது? நல்ல தண்ணி, கண்ணு முன்னாடி சாக்கடைக்குப் போகுது. கொஞ்சம் மொண்டு எடுத்துட்டுத் தொறக்கலாம்னு நிறுத்தினேன். அப்படியே கண் அசந்துட்டேன்."

திட்ட வாயைத் திறந்தாள் மார்லிஸ். இத்தனை வருஷத்துப் பாக்கி நாக்கு நுனியில் நின்றது. ஆனால் திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"அந்தச் சாக்கடையும் என்னுதுதான் அக்கா. அங்க போனா நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள். அப்புறம், "காரினுக்கு வலி எடுத்துடுச்சு."

இர்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. நீ போடி. இங்க ரூடி பாத்துக்குவான்."

போக முடியாது. குழாய்க்குள் வெந்நீர்க் குழல் செலுத்தி ஐஸை உருக்குகிற இயந்திரம் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். மெயின் குழாயைத் திறக்கும்போது உரிமம் உள்ளவர் ஒருவர் நிற்க வேண்டும், வெளி அழுக்கு உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். வேறு உரிமக்காரர் யாராவது வருவாரா என்று ரூடி சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போன் போட்டான். "எல்லாருக்கும் அதே வெயில். எல்லாருக்கும் அதே கதைதான்" என்றான்.

இயந்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்து, மார்லிஸ் தெருமுனையில் குழாய்க்கு வெட்டின குழியில் மண்டியிட்டிருந்தபோது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. இர்யா தன் பாத்திரங்களைப் பனிச்சறுக்குப் பலகையில் ஏற்றி, கோர்டியை இழுக்கவிட்டு, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"இது காபிக்கு. தொட்டித் தண்ணி கக்கூசுக்கு. சிந்தினே, மண்டைய உடைப்பேன்!"

"இந்தக் கிண்ணத்துலயா காபி போடறது? வேண்டாம் இர்யா, உடைஞ்சா என்னக் கொன்னுடுவே."

"தெரியுதில்ல? அப்ப மெதுவா இழு."

போகிற வீட்டிலெல்லாம் சமையலறைக்குள் நுழைந்து, மூடியிருந்த குழாய்களைத் திறந்துவிட்டு வந்தாள். மூடியிருந்தவை நிறைய இருந்தன. அந்தப் பாவத்தைச் செய்தது தான் மட்டுமில்லை என்று தெரிந்ததும் அவள் குரல் இன்னும் உயர்ந்தது.

பிற்பகலில் ஐஸ் விட்டது. இர்யா வீட்டுக் குழாய் இருமியது, பழுப்பாகத் துப்பியது, அப்புறம் தெளிந்து ஓடியது. அதற்குள் மார்லிஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வைனோ எழுதியிருந்தான்: பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சேற்றுக் கையால் அதைத் தடவிப் படித்துவிட்டு, போனை உள்ளே வைத்து, சோதனைக்குத் தண்ணீர் பிடித்துக் குப்பியை மூடினாள்.

கிளம்பும்போது இர்யா ரொட்டிப் பொட்டலத்தை வண்டி ஜன்னல் வழியாகத் திணித்தாள்.

"இனிமே அந்தக் குழாயத் தொட்டா என் கை அழுகிப் போகட்டும்."

"கை இருக்கட்டும் அக்கா. குழாய விட்டாப் போதும்."

ஆஸ்பத்திரியில் காரின் களைத்துப் படுத்திருந்தாள். அம்மாவின் முழங்கால் சேற்றைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை என்ன அடைச்சுது?"

"உங்க அத்தை."

காரின் சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்து, "சிரிக்க வைக்காதம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணோரம் ஈரம் இருந்தது. அது சிரிப்பினால்தானா என்று மார்லிஸ் கேட்கவில்லை. மூலையில் இருந்த தொட்டியில் சேறு போகக் கை கழுவி, துடைத்து, குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"அம்மா, குழாய மூடலயே."

திரும்பிப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது, சரியாகப் பென்சில் கனத்துக்கு. மூட அவளுக்குக் கை வரவில்லை. வைனோ எழுந்து போய் மூடினான். சத்தம் நின்றதும் அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது.