காடாத் துணி நிறத்தில் ஒரு கோட்டை

மடிக்கணினியின் திரைமேல் ஒரு துண்டுக் காடாத் துணியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மதினி நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அண்ணனின் விசைத்தறியிலிருந்து அப்போதுதான் வெட்டியெடுத்த துணி அது. சாயமும் காணாதது, வெளுப்பும் காணாதது. பருத்திக்கொட்டையின் தூள்கூட இழைகளுக்கிடையே கறுப்பாகத் தெரியும். திரையில் ஒரு மண்கோட்டை. அதன் மதிலருகே விரலளவு உயரத்தில் வேல்பிடித்த மனிதர்கள். "ஏட்டி, இங்கன வா. இந்தத் துணியும் இவன் கட்டியிருக்குத வேட்டியும் ஒரே நிறமா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார் மதினி. தறிகளின் இரைச்சலில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நானும் கத்தித்தான் பதில் சொன்னேன்: "வேட்டி கொஞ்சம் வெளுத்திருக்கு மதினி, இன்னும் பழுப்பு வேணும்!"

மதினி திருவேங்கடத்தில் உழுது பிழைக்கும் கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டுப் பெண். வரலாறு படித்து முடித்த கையோடு என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு சங்கரன்கோவில் வந்தார். சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே, கல்லூரிக் காலத்தில் அரசு கொடுத்த மடிக்கணினியும் வந்தது. அதில் போர்களை நடத்தும் ஒரு விளையாட்டு இருந்தது. பருந்து வானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு போர்க்களம் திரையில் விரியும். அணி அணியாகக் காலாட்படை நிற்கும். எந்த அணி எங்கே நகர வேண்டும், எப்போது தாக்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதை ஆடுபவர் தீர்மானிக்க வேண்டும். வீட்டுவேலையும் பாடம் தயாரிப்பதும் முடிந்தால் மதினி அதன்முன் அமர்ந்துவிடுவார். "வந்த மருமவ வீட்டுல ஒரு சண்டை போட மாட்டேங்கா. எல்லாத்தையும் அந்தப் பொட்டிக்குள்ளயே போட்டு முடிச்சிருதா" என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அது குறையா பெருமையா என்று அம்மாவுக்கே தெரியாது.

விளையாட்டில் இருந்தவை எல்லாம் வேற்றுநாட்டுப் போர்கள். "எவன் ஊரு மலையிலயோ எத்தனை நாளைக்கு ஏறி இறங்க?" என்று ஒருநாள் மதினி கேட்டார். புதுக் களங்களை நாமே உருவாக்கிக்கொள்ள அந்த விளையாட்டில் வசதி இருந்தது. அதைக் கொண்டு, எங்கள் வட்டாரத்தில் பாளையக்காரர் காலத்தில் நடந்த கோட்டைச் சண்டைகளைப் போன்ற ஒன்றை அவர் கட்டத் தொடங்கினார். முதலில் மண்ணைச் செய்தார். மழை பெய்தால் கரிசல் காலில் அப்பி ஒவ்வொரு அடியையும் கனக்கச் செய்வது அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். தம் படைவீரர்களுக்கும் அந்தக் கனத்தைக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்களுக்கு விளையாட்டு தானாகவே வெள்ளை முகத்தைக் கொடுத்தது. மதினி அதை மாற்றினார். சிவப்புச் சட்டைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் மனிதர்களே என்பதை மறைத்துவிட்டு என்ன வரலாறு சொல்வது என்பது அவர் கேள்வி. கோட்டைக்குள்ளோ, பீரங்கி உடைத்த மதிலைப் பனையோலையும் வைக்கோலும் மண்ணும் இட்டு உடனுக்குடன் அடைக்கும் மண்ணாட்களைப் படைத்தார். சண்டையில் இத்தகைய ஆட்களுக்கு வேலை இல்லை என்பது மூல விளையாட்டின் விதி. மதினியின் களத்தில் அவர்கள் இல்லையென்றால் சண்டையே இல்லை. கோட்டையை அந்திவரை காப்பதுதான் வெற்றி. கடைசியில் கோட்டைகள் விழுந்ததுதான் நடந்தது; அதற்குமேல் வரலாற்றை வளைக்க அவர் சம்மதிக்கவில்லை.

அப்போது அவர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். நான் சமூகப்பணி முதுகலையின் இறுதியாண்டில் இருந்தேன். வரலாற்றுத் துறையின் கண்காட்சியில் இந்தப் போரைப் பெரிய திரையில் மாணவர்களே ஆடிக்காட்டுவது என்று முடிவானது. ஒத்திகை பார்த்த நாளில்தான் சிக்கல் பிறந்தது. கரிசலின் கறுப்புக்குமேல் பளிச்சென்று தெரியட்டும் என்பதற்காக மட்டுமே, கோட்டை அணியின் கொடிக்கும் தலைப்பாகைக்கும் இரண்டு நிறங்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார் மதினி. எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: இங்கே மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்லிவிடுவார்கள். மின்கம்பத்தில் பூசிய நிறத்துக்காகவே கைகலப்பு நடந்த ஊர்கள் உண்டு. இதே காற்றைச் சுவாசித்து வளர்ந்த மதினி, களத்தைக் கட்டும் மும்முரத்தில், நிறத்தை நிறமாக மட்டும் பார்த்துவிட்டார். மாணவன் ஒருவன் திரையைப் படமெடுத்து, 'நம்ம கோட்டை, நம்ம கொடி' என்று கைப்பேசியில் பரப்பினான். மாலைக்குள் வேறொரு கூட்டத்து மாணவர்கள் அண்ணனின் தறிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். "கோட்டைக்குள்ள அவனுவ மட்டுந்தான் இருந்தானுவளா மேடம்? எங்க பாட்டன் பூட்டன்லாம் வேடிக்கையா பாத்துக்கிட்டிருந்தாவ?" என்று முன்னால் நின்றவன் கேட்டான். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. கண்காட்சியன்று அடிதடி நடக்கும் என்ற பேச்சு கல்லூரி முழுக்கப் பரவியது. நிறத்தை மாற்றுங்கள், இல்லையேல் விளையாட்டை எடுத்துவிடுங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

மாற்றத் தொடங்கியபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. மதினி ஒவ்வொரு நிறமாகத் திரையில் ஏற்ற, அண்ணன் பாவுநூலை முடிந்துகொண்டே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார்.

"பச்சை?"

"வேண்டாம். அடுத்த தெருக்காரன் வந்து நிப்பான்."

"நீலம்?"

"ஏன், சும்மா இருக்கவனையும் இழுத்து விடவா?"

"அப்ப ரோஸ் கலர் போட்டுருதேன். அதுக்கு எவன் வருவான்?"

"வராட்டி என்ன? நீ போட்டேன்னா நாளைக்கே ஒரு சங்கம் ஆரம்பிச்சிருவானுவ!"

மூவரும் சிரித்தோம். விளையாட்டை எடுத்துவிடுவதே பொறுப்பான செயல் என்று நான் வாதிட்டேன். ஒரு மாணவனின் மண்டை உடைந்தால், கரிசலை எவ்வளவு நுட்பமாகச் செய்தோம் என்பதற்கு என்ன மதிப்பு? மதினி என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்லுதது சரிதான். ஆனா இப்ப எடுத்துட்டா, கயித்துக்குப் பயந்து மேடம் எடுத்துட்டாங்கன்னு ஆயிரும். அப்புறம் எதை எடுத்தாலும் அப்படித்தான் ஆவும். பையனுவ அடிச்சுக்கிடவும் கூடாது, கோட்டை அழியவும் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி வேணும்." இரண்டு விளைவுகளையும் ஒரே தராசில் வைத்து, இரண்டையும் விட்டுக்கொடுக்க மறுக்கும் அந்தப் பிடிவாதத்தை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

மறுநாள் முற்பகலில் அவர் தறியிலிருந்து அந்தத் துண்டை வெட்டச் சொன்னார். இந்த ஊரில் யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரே நிறம், சாயம் போடுவதற்கு முன் துணிக்கு இருக்கும் நிறம்தான். வேல்காரர், கவண்காரர், மண்ணாட்கள் எல்லோருக்கும் அதே காடா வேட்டி, அதே காடாத் தலைக்கட்டு. கொடி கிடையாது. "எல்லாரும் ஒண்ணுபோல இருந்தா ஆடுதவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று அண்ணன் கேட்டார். "கையில என்ன வச்சிருக்கான்னு பாத்துக் கண்டுபிடிக்கட்டும்" என்றார் மதினி.

கண்காட்சி நாளில் கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. வாசலில் காவலர் இருவர். கோட்டையை இருவர் சேர்ந்து காக்க வேண்டும்: வேல்காரர்களை ஒருவன் நடத்துவான், மண்ணாட்களை இன்னொருவன். மதினி வேண்டுமென்றே, படம் பரப்பியவனையும் தறிக்கூடத்துக்கு வந்து கேட்டவனையும் மேடைக்கு அழைத்தார். முந்திக்கொண்டு வேல்காரர்களை எடுத்தவன் படம் பரப்பியவன். மற்றவனின் முகம் இறுகியது. "மேடம், என்னைய மண்ணு சுமக்கவா விடுதீங்க?" என்றான். "சுமக்காம இருந்துதான் பாரேன்" என்றார் மதினி அமைதியாக.

அவன் சுமக்கவில்லை. மண்ணாட்களை மதிலோரம் நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றான். பீரங்கி முழங்கியது, மதில் சரிந்தது, உடைப்பின் வழியே சிவப்புச் சட்டை வரிசை உள்ளே புகுந்தது. வேல்காரர்கள் வெளியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் சுடப்பட்டுச் சாய்ந்தார்கள். அந்தி வருவதற்கு வெகுநேரம் முன்பே கோட்டை விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் முதல் குண்டு மதிலைத் துளைத்ததுமே வேல்காரன் பதறிவிட்டான். "ஏலே, மண்ணை அள்ளிப் போடுலே! சுவரு போச்சு!"

"கெஞ்சிக் கேளு, போடுதேன்."

"கெஞ்சுதேன்லே, போட்டுத் தொலை!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மண்ணாட்கள் ஓடினார்கள். அவர்களைச் சுற்றி வேல்காரர்கள் அரணாக நின்றார்கள். உடைப்பில் நெரிசல் கூடக் கூட, பெரிய திரையில் எல்லாம் ஒரே காடா நிறமாகிவிட்டது; யார் கையில் வேல், யார் தலையில் மண்கூடை என்பதைப் பிரித்தறிய முடியவில்லை. திரையில் அந்தி சாய்ந்தபோது மதில் நின்றிருந்தது. மேடையில் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கத்தினார்கள்.

அன்றோடு பகை தீர்ந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. கயிறுகள் மறுநாளும் கைகளில் இருந்தன. ஆனால் அன்று யாருக்கும் அடிபடவில்லை, யாருக்காகவும் கோட்டை எடுக்கப்படவும் இல்லை. சில மாதங்களில் யாரோ மதினியின் களத்துக்குத் தம் நிறத்தைப் பூசி இணையத்தில் உலவவிட்டார்கள். நான் கொதித்தபோது மதினி சிரித்தார். "கலருதான போட்டிருக்கான்? மண்ணாளை எடுத்துட்டு ஆடிப் பாத்திருப்பான். கோட்டை நிக்கலைன்னு திரும்ப வச்சிருக்கான் பாரு." உண்மைதான். நிறம் மாறியிருந்தது, மண்ணாட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

மதினி இன்னும் இதே ஊரில் பாடம் நடத்துகிறார், வேறொரு களத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் இந்த வட்டாரப் பள்ளிகளில் மாணவர்களிடையே பணியாற்றுகிறேன். பழைய மடிக்கணினி இப்போது என்னிடம்தான். மின்கலம் செத்துவிட்டதால் மின்சாரத்தில் செருகினால்தான் உயிர் வரும். அண்மையில் பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் அந்தப் போரை ஆடவைத்தேன். முதல் ஆட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் வேலுக்குப் போட்டியிட்டார்கள், கோட்டையும் வழக்கம்போல விழுந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு நான் பெயர் கேட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரே கூச்சல்: "மண்ணாளு எனக்கு மிஸ்!" "ஏலே, நான்தாம்லே மொதல்ல கேட்டேன்!"

ஆட்டம் தொடங்குமுன் திரையின் தூசியைத் துடைக்க, மடிக்கணினியோடு என்னிடம் வந்த அந்தக் காடாத் துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். பலமுறை துவைத்ததில் அது ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். இப்போது இரண்டும் பொருந்தவில்லை. மதினி அன்று தேடிப் பிடித்த அந்தப் பழுப்பு, திரையில் மதிலை நோக்கி ஓடக் காத்திருந்தவர்களின் உடம்பில் மட்டும் மங்காமல் இருந்தது.