மெக்சிகோ வௌவாலும் கிருஷ்ணகிரி நாற்காலியும்

பேய், பிசாசு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன்; மெஷின் நின்றால் ஃபியூஸைப் பார்ப்பேனே தவிர எலுமிச்சம்பழத்தைத் தேடமாட்டேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கம்பெனி என்னைப் பயிற்சிக்கு மெக்சிகோ அனுப்பியது. ஒரு நாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு வௌவால் குகைக்குப் போய்வந்தேன். மேலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மனைவி சுமதியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் கல்லாவியில் அவள் பிறந்த வீடு வரைக்கும் போய்விடும்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி என்று சந்தேகப்பட்டார்கள், சளியில் அந்தக் கிருமி இல்லை. ஆனாலும் சுமதி எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாள்.

கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். காலை பதினொரு மணி, வெளியே காத்திருந்தோம்; வலது பக்கம் சுமதி, இடது பக்க நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர். என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, வௌவா குகைக்குள்ள போனத டாக்டருகிட்ட சொல்லலயா?" என்றார். நம்பினால் நம்புங்கள், எனக்கு இருமலே நின்றுவிட்டது.

"நீங்க யாருங்க?"

"அது கெடக்கட்டும். நீங்க சொல்றீங்களா, உங்க வூட்டம்மாகிட்ட நான் சொல்லட்டா?"

என் முறை வந்ததும் சுமதியை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத ஏங்க மொதல்லயே யாருகிட்டயும் சொல்லல? வௌவால் எச்சத்துல பூஞ்சை இருக்கும், தூசியோட உள்ள போயிருக்கும்."

வெளியே வந்தால் பெரியவரைக் காணோம். சுமதியிடம் கேட்டேன்.

"எந்தப் பெரியவரு? அந்தப் பக்கத்து நாற்காலில என் பைதான இருந்துது. நீங்கதான் பையப் பாத்து முணுமுணுத்துட்டு இருந்தீங்க."

சரி, காய்ச்சல் வேகம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நுரையீரலிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்ததில் பூஞ்சையேதான். சுமதியிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தேன். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகுதான் என் தட்டு மற்ற தட்டுகளோடு சேர்ந்தது.

எல்லாம் முடிந்து ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சுமதி கேட்டாள்: "அந்தக் குகையில பாட்டு வேற பாடுனீங்களாமே?"

பாடினேன். அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே நானும் வௌவால்களும்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

கீரையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் யோசித்தாள். "யாருன்னு ஞாபகம் வரலங்க. ஆனா, ராகமே வரலன்னு சொன்னாங்க."

இன்றைக்கும் குளிக்கும்போதுகூட நான் வாயைத் திறப்பதில்லை.