கனவு காணும் மீனவரின் ஆதார் கார்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்துக்குக் கடல் பார்க்கப் போனேன். கடலைப் பார்க்கவில்லை. மியூசியம் பார்த்தேன்.

துறைமுகத்தை ஒட்டிப் புதிதாகத் திறந்திருக்கிறார்கள் — கடல் மியூசியம். நூறடி தள்ளி நிஜக் கடல் இரைந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஏசி. ஜன்னல்களை இறுக மூடிவிட்டு ஸ்பீக்கரில் அலைச் சத்தம் போடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீன்வலை, 'தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு. வெளியே நாலு பேர் உட்கார்ந்து அதே மாதிரி வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யார் எட்டிப் பார்த்தார்கள்?

என்னைக் கிழக்கேகோட்டையிலிருந்து கூட்டிவந்தவர் வழக்கமான ஆட்டோக்காரர். குளச்சல் பக்கத்தில் பிறந்து, விழிஞ்ஞத்தில் பல வருஷம் மீன்பிடித்து, முழங்கால் தகராறு செய்ததால் ஆட்டோவுக்கு மாறியவர். வெயில் கொளுத்தியது.

"உள்ளே வாங்க அண்ணாச்சி. கொஞ்ச நேரம் ஏசியிலயாவது நிக்கலாம்" என்றேன்.

"கடலப் பத்தி எனக்குப் புதுசா என்ன சேச்சி காட்டப் போறாங்க?" என்றபடி வந்தார்.

காட்டினார்கள். அவரையே காட்டினார்கள்.

கடைசி ஹாலில் ஆளுயரக் கறுப்புவெள்ளைப் புகைப்படம். தோளில் கயிறு, இடது புருவத்தில் தழும்பு. இருபது வயசு இளைஞன் ஒருவன் கடலைப் பார்த்து நிற்கிறான். கீழே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: 'கடலைக் கனவோடு நோக்கும் மீனவர். பெயர் தெரியவில்லை.'

அண்ணாச்சி அதன்முன் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நானாக்கும்."

சிரித்தேன். பிறகு அவருடைய புருவத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

"ஒரு வெள்ளக்காரன் எடுத்தான். அசையாம நில்லுன்னு கையக் காட்டினான். நான் ஏற்கெனவே அப்படித்தான் நின்னேன்… ராத்திரி போன அண்ணனுக்க கட்டுமரத்தக் காணல்லன்னு பாத்துட்டு நின்னேன்."

"வந்தாரா?"

"மரம் வந்துது. ஆளு வரல்ல."

கனவாம்.

பக்கத்தில் நின்ற கைடு பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப் பெண். மனப்பாடம் செய்திருந்த வசனத்தை நிறுத்திவிட்டு, எங்களை நேராக ஆபீசர் அறைக்கு அழைத்துப் போனாள்.

ஆபீசர் எனக்கு நாற்காலி காட்டினார். அண்ணாச்சிக்கு? போட்டோவிலேயே நிற்கிறவர்தானே, நிற்கட்டும் என்று நினைத்திருப்பார்.

"ப்ரூஃப் உண்டோ?"

அண்ணாச்சி ஆதார் கார்டை நீட்டினார். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவர் இவர்தான்னு இது சொல்லும். போட்டோல நிக்கறதும் இவர்தான்னு சொல்லாதே."

நான் தழும்பைக் காட்டினேன்.

"தழும்பு டாக்குமென்ட் ஆகாது, மேடம்."

பேங்கில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்த்த குரல் எனக்கு ஒன்று உண்டு. அதை எடுத்தேன். "சார், இவரை எனக்கு நாலு வருஷமா நல்லாத் தெரியும்."

ஆபீசர் கார்டைக் கையால் மூடிக்கொண்டார். "அப்படியா? இவர் பேர் என்ன மேடம்?"

நாலு வருஷமாக எனக்கு அவர் 'அண்ணாச்சி'. என் போனில் 'ஆட்டோ'. மரியாதையாகக் கூப்பிடுவதில் ஒரு சௌகரியம் பாருங்கள் — பெயரைக் கேட்கிற சிரமமே இல்லை. மியூசியமாவது தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருந்தது.

"லூர்துராஜ்" என்று அவரே சொன்னார். என்னைப் பார்க்காமல்.

பிறகு ஆபீசரிடம், "சாரே, எனக்க பேரு வேண்டாம். அந்தக் கனவுன்னு எழுதினத எடுத்தாப் போதும். எனக்க அண்ணன் பேரு அந்தோணி. அவனத் தேடி நிக்கான்னு எழுதணும்" என்றார்.

"போட்டோல இல்லாத ஆளை எப்படி எழுத முடியும்? அப்ளிகேஷன் கொடுங்க. கமிட்டி தீர்மானிக்கும்."

கைடு பெண் அங்கேயே மனு எழுதினாள். லூர்துராஜ் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில், என் போனில் 'ஆட்டோ' என்றிருந்ததை வெட்கத்தோடு 'லூர்துராஜ்' என்று மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்துக் கமிட்டி தீர்மானித்தது. புதுப் பலகையைப் படம் எடுத்து அந்தப் பெண் எனக்கு அனுப்பினாள்: 'கடலைக் கனவோடு நோக்கும் மீனவர். உள்ளூர்வாசி.'

எனக்குக் கொதித்தது. மேலிடத்துக்கு எழுதப் போகிறேன், சும்மா விட மாட்டேன் என்றெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்து முழங்கினேன். லூர்துராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"விடுங்க சேச்சி. முந்தாநாளு என்ன அங்க விளிச்சிருந்தாங்க."

"எதுக்கு?"

"புதுசா ஒரு கட்டுமரம் வாங்கி வச்சிருக்காங்க. மரம் மரமாக் கெடக்கு. கட்டுகதுக்கு அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல."

"போகலைதானே?"

"போனேன். கட்டிக் குடுத்தேன்."

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டும் விட்டேன்.

அவர் ஆட்டோவைக் கிளப்பினார். "நடு மரத்துக்க அடியில, கத்தியால அண்ணன் பேரக் கீறிட்டுத்தான் கட்டினேன். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

இப்படிப் பத்திரிகையில் போட்டு உடைக்கிறாயே, மியூசியத்துக்குத் தெரிந்துவிடாதா என்கிறீர்களா? குனிந்து பார்க்கிற ஆபீசரை நான் இதுவரை சந்தித்ததில்லை.