பத்திரிசியார் துரத்திய பாம்புகள்

லண்டன் மோர்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில், பள்ளிக்கூட வயது வராத குஞ்சு குருமான்களுக்காக ஒரு பிளேகுறூப் நடந்து வந்தது. 1988இல் அங்கே உதவியாளாகச் சேர்ந்தவள் சிவனேஸ்வரி. அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று சொல்லியிருந்தார் பொறுப்பாளர் நோறா. அயர்லாந்துக்காரி, சின்ன ஆள், பெரிய குரல். இந்த வேலை போனால் சிவனேஸ்வரி மறுபடி ஆஸ்பத்திரி லாண்டரிக்குத்தான் போகவேண்டும். அங்கே நின்று நின்று கால் வீங்கி, வீட்டுக்கு வந்து அழுதவள் அவள். பிள்ளைகளோடு இருக்கும்போதுதான் லண்டனும் ஒரு ஊராகத் தெரிந்தது. ஆகவே நோறா எதைச் சொன்னாலும் "யெஸ் மிஸிஸ்". மறுபேச்சே கிடையாது.

மார்ச்சில் அயர்லாந்தின் காவல் புனிதர் பத்திரிசியாரின் திருநாள் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரியான சிவனேஸ்வரிக்குப் பத்திரிசியார் என்றால் ஒரு பெரிய கல்லூரியின் பெயர். அவர் அயர்லாந்தின் பாம்புகளையெல்லாம் கடலுக்குள் துரத்தியவராம். அது அவளுக்குப் புதுக்கதை. ஒரு கிழமையாக மண்டபத்தில் எல்லாம் பச்சை. அயர்லாந்தின் சின்னமான மூன்று இலைச் செடியைக் கடதாசியில் வெட்டி ஒட்டினார்கள், சாயத்தில் கையைத் தோய்த்துப் பதித்தார்கள். பிள்ளைகளின் மூக்கும் பச்சை, சிவனேஸ்வரியின் கார்டிகனும் பச்சை. கடைசியாகக் கடதாசித் தட்டைச் சுருளாக வெட்டி ஆளுக்கொரு பாம்பு செய்தார்கள். கண் ஒட்டி, நாக்கு ஒட்டி, பெயரும் வைத்தாயிற்று.

திருநாளன்று தாய்மார் கூடியிருந்தார்கள். நோறா பச்சைப் போர்வையும் பஞ்சுத் தாடியுமாகப் பத்திரிசியார் ஆகியிருந்தார். தரையில் விரித்த நீலத்துணிதான் கடல். "பாம்புகளைக் கூட்டிக் கடலுக்குள் தள்ளு" என்று தரை கூட்டுகிற தும்புத்தடியைச் சிவனேஸ்வரியிடம் நீட்டினார்.

அங்கேதான் வந்தது வினை. யாழ்ப்பாணத்துக் கடலில் உள்ள நயினாதீவின் நாகபூசணி அம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை அவள். முற்றத்தில் நாகபாம்பைக் கண்டால் கும்பிட்டு வழிவிடுகிற குடும்பம். பாம்பைத் தும்புத்தடியால் கூட்டுவதாவது! கடதாசிப் பாம்புதான், ஆனாலும் கை வரவில்லை.

"ஏலாது மிஸிஸ்!" பதற்றத்தில் வாயில் தமிழ்தான் வந்தது.

நோறாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தடியைத் தானே வாங்கி ஒரு தள்ளுத் தள்ளினார். தன் பாம்பு போவதைக் கண்ட மூன்று வயது ஷோன் வீறிட்டான். ஒன்று அழுதால் மற்றவை சும்மா இருக்குமா? மண்டபமே ஒப்பாரி. பத்திரிசியார் தாடியைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

பிள்ளைகள் அழுவது சிவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. துணியின் மறுகரையில் போய்க் குந்தினாள். ஷோனின் பாம்பை எடுத்து, அதன் வாயில் ஒரு கடதாசிப் பூவைச் செருகினாள். "கம், கம்! மை ஐலண்ட்!" தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: எங்களிடம் ஒரு தீவு இருக்கிறது, அங்கே பாம்புக்குக் கோயில் இருக்கிறது, அம்மனுக்குச் சாத்தப் பூவைக் கவ்விக்கொண்டு ஒரு பாம்பு கடலை நீந்தி வரும். பிள்ளைகளுக்கு இலக்கணம் எதற்கு? அழுகையை விட்டுவிட்டு, பாம்பும் பூவுமாக வயிற்றால் ஊர்ந்து கடலைக் கடந்தார்கள்.

"தேவாலயத்துக்குள் இது என்ன கூத்து?" என்று ஒரு தாய் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. வேலை போச்சு என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் நோறா தாடியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் அமர்ந்தார்.

"எத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறேன், சிவா! துரத்தியதோடு நிறுத்திவிடுவேன். அவை எங்கே போயின என்று யோசித்ததே இல்லை. நான் இந்த ஊருக்கு வந்தபோது, அயர்லாந்துக்காரருக்கு வாடகைக்கு அறை இல்லை என்று கதவிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்."

பிறகு கைப்பையைத் துழாவி மண்டபத்துப் பூட்டின் திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "திங்கட்கிழமை நான் பிந்தித்தான் வருவேன். நீ வந்து திற."

நோறா ஓய்வு பெறும்வரை, தொண்ணூறுகளிலும்கூட, ஒவ்வொரு மார்ச்சிலும் பத்திரிசியார் பாம்புகளைத் துரத்துவார். மறுகரையில் சிவனேஸ்வரி ஏந்திக்கொள்வாள். ஆனால் அன்று பின்னேரம் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் நின்றாள்.

"என்னப்பா, வேலை இருக்கோ?" என்றார் கணவர் யோகராஜா.

"ஓம். திறப்பையே தந்திட்டா." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இஞ்சை வந்து இறங்கின நாள்தொட்டு, ஒருத்தரும் என்னட்டை ஒரு கதவைத் திறவெண்டு சொன்னதில்லையப்பா. அந்த மனுசி நல்லா இருக்கவேணும்."