மான்கள் மிச்சம் வைத்த பூங்கா

நடந்துகொண்டே ஒரு கொப்பை எட்டி வளைத்து, நுனியைக் கிள்ளி, மணந்து பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார் ஸாலிஹா. யாருடைய வேலி என்று பார்ப்பதில்லை. அரசாங்கக் கச்சேரி வளவு வேம்பு, பள்ளிவாசல் வளவுப் பூவரசு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் தானாக முளைத்த எருக்கலை, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அந்தப் பையில் சீப்பு இல்லை, பவுடர் இல்லை. பஸ்ஸில் காசு எடுக்கக் கையை விட்டால் முதலில் இலைதான் வரும். "தங்கச்சி, கறிவேப்பில வேணாம், காசத் தாங்க" என்று ஒரு கொண்டக்டர் சொன்னாராம். இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவரும் அவரேதான்.

சொந்த ஊர் கிண்ணியா. படிப்பது பல்கலைக்கழகத்தின் நிலத்தோற்றக் கலைத் துறையில், இறுதி ஆண்டு. அது என்ன துறை என்று கேட்பவர்களிடம், "வீடு கட்டப் படிக்கிறவங்க சுவருக்கு உள்ள பாக்கிறாங்க. நாங்க வெளிய பாக்கிறம். நீங்க நிக்க நிழல் இரிக்கா எண்டு பாக்கிறம்" என்பார். அப்போ பூமரம் நடப் படிக்கிறீங்களா என்றால் கோபம் வராது. "ஓம். எங்க நடுற எண்டதுக்குத்தான் நாலு வருசம்."

பஸ் தரிப்பிடத்தில் அவர் பக்கத்தில் நிற்பது சிரமம். வெயில் நகர நகர முன்பின் தெரியாதவர்களையும், "இங்கால வாங்க, நிழல் இஞ்ச வந்திட்டு" என்று கைகாட்டி நகர்த்திக்கொண்டே இருப்பார். சனமும் முணுமுணுத்தபடி நகரும்.

போன ஆண்டு, எண்பதாம் ஆண்டு ஆவணியில், அவருடைய துறை தன் வருடாந்தக் கண்காட்சியைத் திருகோணமலை நகர மண்டபத்தில் வைத்தது. கடற்கரைப் பூங்காக் குழு கேட்டுக்கொண்டபடியால் வந்தது அது. மாணவர்களின் திட்டங்களில் ஒன்றைத் தெரிவு செய்து, மாரி தொடங்கியதும் அதன்படியே கடற்கரையில் மரம் நடுவார்கள். மற்றவை கடதாசியோடு நின்றுவிடும். வகுப்பில் இந்த மாவட்டத்துக்காரர் ஸாலிஹா ஒருவர்தான். "என்ட கரையை வேற ஆள் படமாக் கீற, நான் பாத்துக்கிட்டு இரிக்கிறதா?" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

மண்டபத்தை ஒட்டிய வாசிகசாலையில் எனக்கு வேலை. சன்னலால் எல்லாம் தெரியும். மேசைகளில் மாதிரிப் பூங்காக்கள் எழுந்தன. எல்லோரும் பச்சைச் சாயம் தோய்த்த பஞ்சை ஈர்க்கில் குத்தி மரம் ஆக்கினார்கள். ஸாலிஹா மட்டும் ஈரக் களிமண்ணைப் பரப்பி, நிஜ மரத்தின் நுனிகளையே நட்டார். புங்கை வேண்டிய இடத்தில் புங்கை, வேம்பு வேண்டிய இடத்தில் வேம்பு. வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீரும் தெளித்தார்.

துறைத் தலைவர் பேராசிரியர் ஞானசேகரம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பிள்ளை, இது பூங்காவோ, கீரைக்கடையோ?"

பக்கத்து மேசைக் குலசிங்கம், வவுனியாக்காரர், விடுவாரா? "மாதிரி எண்டால் மாதிரியா இருக்கவேணும். நீர் காட்டையே கொண்டந்திருக்கிறீர்."

"உங்கட பஞ்சில வேம்பு எது, புங்கை எது? சொல்லுங்க பாப்பம்."

குலசிங்கம் தன் காட்டையே சந்தேகமாகப் பார்த்தார்.

தெரிவு நாள் வெள்ளிக்கிழமை. பசை நாற்றத்தில் தலையிடிக்கிறது என்று கடற்பக்கக் கதவுகளைத் திறந்து வைத்தவர் ஸாலிஹாதான். "காத்துப் போகட்டும். வாங்க சாப்பிட்டு வருவம்." திரும்பி வந்தபோது மூன்று மான்கள் அவருடைய மேசையைச் சுற்றி நின்று, விருந்துக்கு வந்தவர்கள் போல ஆறுதலாக மென்றுகொண்டிருந்தன. தெருவில் மாடு போலத் திரியும் இந்த ஊர் மான்கள் ஆளுக்கு அஞ்சுவதில்லை. விரட்டியதும் கௌரவமாகவே வெளியேறின. பூங்காவில் மொட்டைக் குச்சிகள் நின்றன. குலசிங்கத்தின் பஞ்சுக் காட்டில் ஒரு நுனி அசையவில்லை.

முதலில் சிரித்தவர் குலசிங்கம்தான். ஸாலிஹாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பஞ்சு மிச்சம் கிடக்கு. நானும் சேந்து செய்து தாறன். நேரம் இருக்கு."

ஸாலிஹா மேசை விளிம்பில் நாடியை வைத்து, ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு போனார். கண் கலங்கித்தான் இருந்தது. திடீரென்று நிமிர்ந்தார்.

"குலசிங்கம், இஞ்ச பாருங்க. எருக்கலையத் தொடல்ல. நொச்சிய மணந்திட்டு விட்டிரிக்கி. பட்டிப்பூவும் அப்பிடியே நிக்கிது!"

"அதுக்கு?"

"அதுக்கா? நாளைக்கு நிசமா நட்டாலும் இதுதானே நடக்கும்! நான் அழகுக்கு எண்டு இதுகள உள்ளுக்க அங்கொண்டு இங்கொண்டாப் போட்டிருந்தன். பிழை. இதுகள் வெளிய நிக்கோணும்."

மான் ஒதுக்கிய செடிகளைப் பிடுங்கி, பூங்காவைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினார். மொட்டைக் குச்சிகளை அப்படியே விட்டார். என்னிடம் வந்து வாசிகசாலையின் நீள மேசையை இரவல் வாங்கி, படத்தைப் புதிதாகக் கீறத் தொடங்கினார். மை காய்வதற்கும் தெரிவுக் குழுவின் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

"என்ன பிள்ளை இது?" பேராசிரியரின் குரல் மண்டபத்தை அடக்கியது.

"பூங்காதான் சேர். முதல் பரீட்சகர் பகலே நாலு காலில வந்து பாத்திட்டுப் போயிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியரைத் தவிர. "எருக்கலையைக் கொண்டுபோய் முன்னுக்கு வைக்கிறதோ? அது களையல்லோ!"

"மானும் அதைத் தின்னாது சேர். இது வேலி. இதுக்குப் பின்னால புங்கையும் பூவரசும் ஆள் உசரத்துக்கு மேல வளந்தாப் பிறகு, மான் வந்து நிழல்ல படுக்கட்டும். அதுவும் இந்த ஊர்தானே."

பூங்காக் குழுத் தலைவர் பாக்கியரத்தினம் மேசையைத் தட்டினார். "சேர், நாங்கள் ரெண்டு தரம் மரம் நட்டம். ரெண்டு தரமும் மானுக்குத்தான் சாப்பாடு. முள்ளுக்கம்பி அடிச்சம், சனத்தின்ர சீலைதான் கிழிஞ்சது. எனக்கு இந்தப் பிள்ளையின்ர பூங்காவைத் தாங்கோ!"

பேராசிரியர் மற்ற மேசைகளுக்குப் போனார். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "இதை மான் தின்னுமோ?" குலசிங்கத்திடமும் கேட்டார்.

"பஞ்சைத் தின்னேல்லை சேர். மரத்தைப் பற்றித் தெரியாது."

பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து ஒரு நொச்சி இலையைக் கிள்ளி மணந்தார். பிறகு ஸாலிஹாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐப்பசியில நடுவம்." முதலில் கை தட்டியவர் குலசிங்கம். அந்தக் கைதட்டல் மண்டபத்தை விட்டுக் கடற்கரைக்கும் போயிருக்கும்.

தை மாதம் விடுமுறையில் வந்தவரைக் கடற்கரையில் கண்டேன். மாரி குடித்த எருக்கலையும் நொச்சியும் இடுப்பளவில் வரிசை கட்டி நின்றன. உள்ளே புங்கங்கன்றுகள் ஒரு கடியும் படாத தளிரோடு மினுங்கின. ஒரு மான் வந்து வரிசையை மணந்தது. தலையை உதறியது. கொஞ்சத் தூரம் நடந்து மறுபடி மணந்தது. பிறகு உள்ளே நின்ற தளிர்களைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

ஸாலிஹா குந்தியிருந்து கைப்பையைத் திறந்தார். அன்று காலை முழுவதும் கிள்ளிச் சேர்த்த வேப்பங்கொழுந்தையும் பூவரச இலைகளையும், பையைக் கவிழ்த்து, மணலில் அதன் முன்னால் கொட்டினார்.

"இந்தாங்க சேர்."