சோளக்காட்டில் கருவாட்டுப் பொறி

பேரையூர்ப் பக்கம் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்காக இருந்தார் யேசுதாஸ். அவரைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். மோட்டார் ரூமுக்குள் கால் வைக்க மாட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்போம். எண்பத்து மூன்றில் ஒருநாள் அவர் பயந்ததற்கு மட்டும் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் இளஞ்சோளத்தைக் குருத்து ஈ அழித்துக்கொண்டிருந்தது. கருவாட்டு வாடைக்கு இந்த ஈ வரும். அதனால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கருவாட்டுத் தூளும் விஷ மருந்தில் நனைத்த பஞ்சும் வைத்து, பயிருக்கு நடுவே குச்சியில் கட்டுவார்கள். ஆபீசில் தூள் தீர்ந்துபோயிருந்தது. மனிதர் சந்தையில் முழுக் கருவாடாகவே வாங்கிவந்து, மலைச்சாமி என்ற விவசாயியின் சோளக்காட்டில் பன்னிரண்டு டப்பா கட்டிவிட்டார். விஷம் என்று மலைச்சாமியிடம் சொன்னவர், களையெடுக்க வரும் பெண்களிடம் சொல்லவில்லை. ஈக்கு வைத்ததை மனுஷர் எடுப்பார்களா என்று நினைத்துவிட்டார். மழை பொய்த்து, வெறுங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஊர் அது.

மறுநாள் சாயங்காலம் வந்து முதல் டப்பாவைத் திறந்தார். பஞ்சு இருந்தது, கருவாட்டைக் காணோம். சைக்கிளைக்கூட எடுக்காமல் ஊருக்குள் ஓடினார். பெண்கள் வேலை முடிந்து அடுப்பு மூட்டும் நேரம். எங்கோ கருவாடு சுடும் வாசனை வந்தது.

“ஏம்மா, டப்பாவுல இருந்த கருவாட்டை யாரும்மா எடுத்தது?”

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். திருட்டுப் பட்டம் யாருக்கு வேண்டும்? விஷம் என்ற சொல் அவர் நாக்கு வரை வந்தது. சொன்னால் கட்டிவைத்து உதைப்பார்களோ என்று பயந்து விழுங்கிவிட்டார்.

“ஆண்டவர் சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன். குடுத்துருங்கம்மா” என்று கெஞ்சினார்.

அந்தப் பெண்களில் ஒச்சாயிதான் தலையைக் குனிந்தபடி வந்து மடியை அவிழ்த்தாள். “நாந்தேன் சார் எடுத்தேன். கஞ்சிக்குச் சுடலாம்னு இப்பத்தேன் அடுப்பு பத்த வச்சேன்.”

கருவாடு முழுசாக இருந்தது. யேசுதாஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு அழுதேவிட்டார். “பொழைச்சோம் தாயி! மொத டப்பா காலியா இருக்கவும் உசுரே போயிருச்சு.”

“மொத டப்பாவா?” என்றாள் ஒச்சாயி. “நான் எடுத்தது வேலியோரம் கடைசி டப்பாவுல, சார்.”

மற்ற டப்பாக்களை அவர் திறந்தே பார்க்கவில்லை.

“அம்புட்டும் விஷம்மா!” என்று அலறினார். “ஈக்கு மருந்து வச்சது! யாரும் திங்காதீங்க!”

வாசலில் நின்ற மூன்று பெண்கள் அவசர அவசரமாக மடியை அவிழ்த்தார்கள். முத்துத்தாய் மட்டும் வெறுங்கையோடு, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே தன் வீட்டைப் பார்த்து ஓடினாள்.