நான் தட்டிவிட்ட இலைக்கொத்துகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. பாபநாசம் மலையில் காரையார் அணையைப் படகில் தாண்டி, அங்கிருந்து மூன்று மணி நேரம் நடந்தால் ஒரு காணிக்காரர் குடியிருப்பு வரும். அதன் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு என்னால் ஒரு முறை வந்த தொந்தரவு போதும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எனக்கு எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும், அதுவும் நான் சொன்ன வரிசையில் இருக்க வேண்டும். கல்யாணமான மூன்றாவது நாளே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான். அந்த வருடம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில், மலைக்குள் இருக்கிற மக்களுக்குக் கம்பளியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்து, அப்படியே சுவிசேஷமும் சொல்லிவிட்டு வரலாம் என்று முடிவானது. வனத்துறையிடம் வாங்கிய அனுமதித் தாளில் கம்பளியும் மருந்தும் ஒரு இரவு தங்கலும் மட்டும்தான் இருந்தன. மற்றதைக் கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

வருகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். கிளம்பியது மூன்று பேர். நான், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அக்கா, சபை உபதேசியார். உபதேசியாருக்கு அறுபது வயது இருக்கும். பாதிரியார் ஊரில் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்துவார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அவர் இப்படி இருப்பதால்தான் சபை வளரவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

கம்பளிக் கட்டுகளைக் குடியிருப்பு ஆட்கள் முதல் நாளே சுமந்துபோய்விட்டார்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் படகுத்துறைக்கு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஒல்லி, அதிகம் பேசாதவர். அவர்களுக்குள் மலையாளம் கலந்த ஒரு பேச்சு உண்டு. எங்களிடம் மட்டும் நம் ஊர்த் தமிழில் பேசினார். காட்டுக்குள் சத்தம் வேண்டாம், பைய நடந்து வாருங்கள் என்று சொன்னார். நான் பத்து நிமிடம் பேசாமல் இருந்து பார்த்தேன், பிறகு பாட ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்போம். பாதைகள் பிரிகிற ஒரு இடத்தில், வேங்கை மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டையான கல் இருந்தது. அதன் மேல் இரண்டு இலைக்கொத்துகள். அந்தப் பெண் வாடிப்போன ஒன்றை எடுத்துக் கீழே போட்டார். இன்னொன்று நாரால் கட்டியிருந்தது, அதைத் தொடவில்லை. கல்லைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்துச் செடியிலிருந்து மூன்று கொப்புகளை ஒடித்து எங்களிடம் ஆளுக்கு ஒன்றாக நீட்டி, கல்லில் வைக்கச் சொன்னார்.

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. நாங்கள் கல்லுக்கு இலை போடுகிறவர்கள் இல்லை என்று கறாராகச் சொன்னேன். உபதேசியார் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எலதான டீச்சர், வச்சிட்டுப் போவோம்" என்றார். நான் பார்த்த பார்வையில் அவரும் வைக்கவில்லை. அந்தப் பெண் வாக்குவாதம் செய்யவில்லை. மூன்றையும் எங்களிடமிருந்து வாங்கி அவரே கல்லின் மேல் வைத்துவிட்டு நடந்தார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பேரில், என்னைக் கேட்காமல், ஒரு கல்லுக்கு இலை வைப்பதா? பலிபீடங்களை இடித்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டுகிறவள் நான். ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் பின்தங்கினேன். அவர்கள் வளைவில் திரும்பியதும், ஒரு கையால் அந்தக் கல்லைத் துடைத்த மாதிரி எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். எங்களுக்கு வைத்த மூன்று, நாரால் கட்டிய அந்த ஒன்று, நான்கும் சரிவில் விழுந்தன. ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் வேறு சொல்லிக்கொண்டேன்.

குடியிருப்பில் பதினைந்து வீடுகள் இருந்தன. வெளியுலகமே தெரியாத மக்கள் என்று மனசில் ஒரு படம் வரைந்துகொண்டு போயிருந்தேன். வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு இருந்தது. ஒரு வீட்டுப் பையன் அம்பாசமுத்திரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னால் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். யார் வந்தாலும் அவர்கள் ஒரே மாதிரிதான் உபசரிக்கிறார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் பால் விடாத கட்டன் சாயாவும் வந்தன. நர்ஸ் அக்கா தின்பண்டம் கண்ட பிள்ளை மாதிரி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்.

நாலு மணி வாக்கில் கம்பளிகளைக் கொடுத்தோம். உபதேசியார் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். நான்தான் அவருக்குத் தலைப்பு எடுத்துக் கொடுத்திருந்தேன், பாவ அறிக்கை. தப்புச் செய்தவன் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கே உரிய மெல்லிய குரலில் சொன்னார். மூட்டுக்காணி, அதாவது குடியிருப்பின் தலைவர், முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அது முடிகிற நேரத்தில் எங்களைக் கூட்டி வந்த பெண் எழுந்து போய் ஒருவரிடம் ஏதோ சொன்னார். அவர் பாதை இறங்கிப் போய், ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, "கல்லுல ஒண்ணும் இல்ல" என்றார். அவர்களுக்குள் பேச்சு நடந்தது. நர்ஸ் அக்கா விசாரித்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் கணவர் விடியற்காலையில் நெல்லிக்காய் பறிக்கக் காட்டுக்குள் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை. அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம். காட்டுக்குள் போகிறவர் அந்தக் கல்லில் ஒரு கொத்து வைத்துவிட்டுப் போவார், திரும்பி வரும்போது எடுத்துப்போடுவார். போன பாதையைப் பார்த்துக் கொழுந்து இருக்கும்படி வைப்பார்கள்; அவர் தன் கொத்தை நாரால் கட்டி வைப்பாராம். விருந்தாளி வந்தால் அவர்கள் மலையிறங்குகிறவரை அவர்கள் பேரிலும் ஒன்று உண்டு. பொழுது சாய்வதற்குள் ஒருவர் போய்ப் பார்ப்பார். கொத்து கிடந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், உடனே தேடப் போவார்கள். இப்போது கொத்து இல்லை. நெல்லிக்காய் நிறையக் கிடைத்தால் அப்படியே அணைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காலையில் வருவேன் என்று அவர் சொல்லியிருந்தாராம். ஆகவே கொத்தை எடுத்துப்போட்டுவிட்டு அணைக்கு இறங்கியிருப்பார் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. விருந்தாளிகள் கொத்தும் இல்லையா என்று கேட்டார். அது கருமந்திக் குரங்கு வேலையாக இருக்கும் என்றார் மூட்டுக்காணி.

 எல்லோரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போக ஆரம்பித்தார்கள். நான் கம்பளி கட்டி வந்த சாக்கை மடித்தேன், பிரித்தேன், திரும்பவும் மடித்தேன். அவர் நிஜமாகவே அணைக்குப் போயிருக்கலாம் அல்லவா? காலையில் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார், நான் எதற்கு வீணாக வாயைத் திறந்து மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்? வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். வெயில் மரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. அந்தப் பெண் மட்டும் பாதையைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பக்கத்தில் போனேன். "கொரங்கு இல்ல. நான்தான் தட்டிவிட்டேன். நார் கட்டின கொத்தும் கெடந்துச்சு" என்றேன்.

அவர் திட்டவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்களக் கூட்டிட்டு வந்ததுல நான் கவனிக்கல. கொழுந்து எந்தப் பக்கம் பாத்துக் கெடந்துச்சு டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. அறுபது பிள்ளைகள் அணிவகுத்து நின்றால் எவள் இடம் மாறி நிற்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கொத்தை நான் பார்க்கவே இல்லை. தட்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் கண்ணில் இருந்தது.

அவர் ஒரு குரல் கொடுத்தார். குடியிருப்பில் அன்று நடமாடத் தெம்புள்ளவர்கள் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கொழுந்து பார்த்திருந்த திசை தெரிந்திருந்தால் ஒன்பது பேரும் ஒரே பாதையில் போயிருக்கலாம். என்னால் மூன்று மூன்று பேராகப் பிரிந்து மூன்று பாதையில் போக வேண்டியதாயிற்று. அந்தப் பாதைகளில் யானைகள் நடமாடுகிற காலம் அது. நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம் டீச்சர், உங்களையும் சேத்துத் தேட முடியாது. இங்கனயே இருங்க" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு ஈத்தை மூங்கில் அடர்ந்த ஈத்தைக்காட்டுப் பக்கம் இறங்கினார்.

உபதேசியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெபிக்கலாமா டீச்சர் என்று கேட்டார். நீங்கள் ஜெபியுங்கள், எனக்கு வாய் வரவில்லை என்றேன். அவரும் சத்தமாக ஜெபிக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முகம் தெரியாத அளவுக்கு மங்கிய பிறகு ஈத்தைக்காட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அந்தப் பெண்ணின் கணவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, ஓடைக்குள் இடுப்பளவு தண்ணீரில் காலையிலிருந்து கிடந்திருக்கிறார். இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டதால் மேலே ஏற முடியவில்லை. உதடு நீலம் பாரித்துப் பற்கள் கிட்டிப் போயிருந்தன. நர்ஸ் அக்கா ஈரத் துணியைக் களைந்து, வெந்நீர்ப் பாட்டில்களை வைத்துச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்துக் காலைக் கட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தை மாதக் குளிரில் இந்த ராத்திரியும் தண்ணீரில் கிடந்திருந்தால் காலையில் உயிர் இருந்திருக்காது என்று சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்சம் பேச முடிந்ததும், நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அடிபட்டவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் நின்று அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அந்த இலை சாமிக்குத்தானே என்று நினைத்துவிட்டேன் என்று உளறினேன்.

"சாமிக்கும்தான், ஆளுக்கும்தான். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எதுக்கு வைக்குதியன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா டீச்சர். கேட்டா சொல்லியிருப்பாளே" என்றார். அவர் மனைவி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் புறப்படுகிறவரை அவர் என்னிடம் பேசவில்லை. அதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அவர் உடனே மன்னித்துச் சிரித்திருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் அவரைச் சுமந்து அணைக்குக் கொண்டுவந்து, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் சேர்ந்துவிட்டது, ஆனால் இழுத்துத்தான் நடக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நெல்லி மரம் ஏறுவதில்லையாம்.

இத்தோடு முடித்துவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பயணத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். போய் மைக்கைப் பிடித்தேன். காட்டில் தொலைந்துபோன ஒருவருக்காக உபதேசியார் ஜெபித்தார், கர்த்தர் அவரைத் தண்ணீரிலிருந்து மீட்டுக் கொடுத்தார் என்று சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா என்றது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் கை செய்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். உபதேசியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றும் அதற்குப் பிறகும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை, நர்ஸ் அக்காவும் சொல்லவில்லை. பக்கத்துச் சபைகளிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். நான்கு வருடத்தில் எத்தனையோ மேடையில் சொல்லிவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வரும்போது வேகமாகத் தாண்டிவிடுவேன்.

உபதேசியார் போன மாதம் இறந்துபோனார். அடக்க ஆராதனையில், அந்த மலைப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள் டீச்சர், அவர் ஜெபத்தால் ஒரு உயிர் பிழைத்ததே என்றார்கள். எழுந்து நின்றேன். பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மலையில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது, என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சபையிடம் சொல்ல நான்கு வருடம் ஆகியிருக்கிறது. நான் சாக்கை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடமும் ஒரு மனிதர் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தார் என்பதை நினைத்தால், சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் எங்கோ யாரோ வலியோடு காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.